ஆபரேஷனுக்குப் பிறகு செல்லப் பிராணியை இழந்துவிட்டீர்களா? செய்ய வேண்டியவையும் கேட்க வேண்டியவையும்

எங்கள் செல்லிக்கு ஒன்பது வயது. செவலை நிற நாட்டு நாய். கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது, உடனே எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஒரு வைகாசிப் பகலில் ஆபரேஷன் நடந்தது. மாலையில் தலையைத் தூக்கிப் பார்த்தாள், வாலை ஒரு முறை அசைத்தாள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். கோட்டையூர் வீட்டின் உள்முற்றமான வளவில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி ஏறாமலிருக்க இரண்டு சமுக்காளத்தை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தோம். இரவு இரண்டரை மணிக்கு எழுந்து பார்த்தபோது மூச்சு இல்லை. டிரிப்ஸ் ஏற்றிய முன்னங்காலில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியபடியே இருந்தன.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. விடிவதற்குள் தோட்டத்தில் புதைத்துவிட்டோம். ஏன் இறந்தாள் என்று யாரும் பார்க்காமலேயே மண்ணைத் தள்ளிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. பிறகு மூன்று வாரம் எனக்குத் தூக்கமில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தானே என்ற நினைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பை யாருடைய ஆறுதலும் குறைக்கவில்லை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்து நடந்ததை வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் குறைந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கங்களில் இதே நிலையில் திகைத்து நிற்கும் ஒருவருக்கு அந்த வரிசையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டில் இறந்திருந்தால் முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். இடது முன்னங்காலின் முட்டி மடங்கி விலாவைத் தொடும் இடத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். விரல் நுனியால் கண்ணை மெல்லத் தொட்டால் இமை அசைகிறதா என்று பாருங்கள். மயக்க மருந்தின் தாக்கம் மிச்சமிருக்கும் பிராணி உடல் சில்லிட்டு, மூச்சு மிக மெதுவாகி, இறந்ததுபோலவே கிடப்பது உண்டு. துளி சந்தேகம் இருந்தாலும் போர்வையில் சுற்றிக்கொண்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரவு என்று தயங்க வேண்டாம்.

இறந்துவிட்டது உறுதியானால் உடலில் சில மாற்றங்கள் வரும். தெரியாதவர்களை அவை கலங்கடித்துவிடும். கண்கள் தாமாக மூடாது. சிறுநீரும் மலமும் கசியலாம். தூக்கும்போது நெஞ்சிலிருந்து காற்று வெளியேறி முனகல்போல ஒலி கேட்கலாம். சதை ஓரிரு முறை துடிக்கலாம். உயிர் இருக்கும்போதே விட்டுவிட்டோமோ என்று இதைப் பார்த்து மருள வேண்டாம். சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். நம் ஊர் வெப்பத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் கால்களை வயிற்றோடு மடக்கி, அது வழக்கமாகச் சுருண்டு படுக்கும் விதத்தில் இப்போதே படுக்க வைத்துவிடுங்கள். அடியில் பழைய துணியை விரியுங்கள். கசிந்ததைத் துடைக்கும்போது கையுறை வேண்டும், கையுறை இல்லையென்றால் நல்ல பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். எலிக் காய்ச்சல் போன்ற நோய்கள் சிறுநீர் வழியாக மனிதருக்குப் பரவும். தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுங்கள்.

துக்கத்தில் எல்லோரும் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. கடைசிப் பத்து நாட்களில் அது யாரையாவது கடித்ததா, கீறியதா, யாருடைய புண்ணையாவது நக்கியதா? தையல் வலியில் பரம சாதுவான நாய்கூட வாயை வைத்துவிடும். கடித்த நாய் பத்து நாட்களுக்குள் இறந்துவிட்டால், வேறு காரணத்தால்தான் இறந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே ஊசி தொடங்கியிருந்தால் நிறுத்தாமல் போட்டு முடியுங்கள்.

பரிசோதனை வேண்டுமா என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள்

இறந்த உடலை அறுத்துப் பார்க்கச் சொல்வதற்கு மனம் வராது. இத்தனை வலிக்குப் பிறகு இன்னொரு முறை கத்தி படவேண்டுமா என்று தோன்றும். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். வேண்டாம் என்று நிதானமாக முடிவெடுத்தால் அதில் ஒரு தவறும் இல்லை. தவறு என்று நான் சொல்வது, அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் அந்த நேரத்தைக் கடந்துவிடுவதை. புதைத்த பிறகு இதைத் திரும்பப் பெற முடியாது.

எதிர்பாராத மரணத்துக்கு விடை தெரியாவிட்டால் நெடுநாள் அரிக்கும் என்று தோன்றுகிறவர்களும், சிகிச்சையில் பிழை இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களும் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியதா, உள்தையல் விட்டதா, நுரையீரலில் நீர் கோத்ததா என்பவற்றைப் பெரும்பாலும் அதில் பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடாது. இதயத்தின் தாளம் தவறி நின்றுபோயிருந்தால் உறுப்புகளில் தடயமே இல்லாமல் போகலாம். இதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

பரிசோதனைக்கு என்று முடிவானால் நேரம்தான் எதிரி. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் அதற்கும் முன்பே வயிற்று உறுப்புகள் கெடத் தொடங்கிவிடும். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, துண்டால் சுற்றி, வயிற்றுப் பக்கமும் நெஞ்சுப் பக்கமும் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விடாதீர்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு உதவாமல் போகும். காலில் இருக்கும் ஊசி, குழாய், கட்டு எதையும் பிரிக்காதீர்கள். குளிப்பாட்டாதீர்கள்.

ஆபரேஷன் செய்தவரைத் தவிர்த்து வேறொரு மருத்துவர் பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது. முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். நமக்கு எட்டக்கூடிய கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரத்தநாட்டில் இருக்கிறது. 2012இல் தொடங்கப்பட்டது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. எங்கே போவதானாலும் போன் செய்து, இன்று எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள். சிகிச்சைச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடலைத் தைத்துத் திருப்பித் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடக்கம்

செல்லியைச் சுற்ற நான் ஒரு பழைய போர்வையை எடுத்து வந்தேன். என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்து மெல்லிசாகிப் போன ஒரு கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்தார். அரக்கும் மஞ்சளுமான கட்டம். “இது பருத்தி, மண்ணோடு போய்விடும்” என்று மட்டும் சொன்னார். மண்ணோடு மக்கக்கூடிய பருத்தித் துணிதான் சரியானது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிளாஸ்டிக் சாக்கு, பாலித்தீன், நைலான் போர்வை எதுவும் வேண்டாம்.

குழி எவ்வளவு ஆழம் என்பதில் நம் பக்கத்தில் பெரும்பாலோர் தவறிவிடுகிறோம். மேலே செம்மண் இளகியிருக்கும், இரண்டடி போனதும் சரளையும் செம்புறாங்கல்லும் முட்டும், கடப்பாரை எகிறும், போதும் என்று நிறுத்திவிடத் தோன்றும். போதாது. மூன்றடி கட்டாயம், பெரிய நாய்க்கு நான்கடி. கோடையில் முதல் நாள் இரவே அந்த இடத்தில் நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் வெட்டுவது எளிது. அதற்கு அவகாசம் இல்லையென்றால் ஆள் வைத்து வெட்டுங்கள். கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஊருணி இவற்றிலிருந்து நூறடியாவது தள்ளியிருக்க வேண்டும். கண்மாய்க் கரையும் வரத்துக் கால்வாயும் கூடவே கூடாது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளமும் வேண்டாம்.

மண்ணை மூடிக் கெட்டித்த பிறகு, மேலே சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுக் கல் வைத்து அழுத்துங்கள். இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். தெருநாய்களும் கீரியும் தோண்டாமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. வலி தாங்காமல் மருத்துவர் ஊசி போட்டு உயிரை விடுவித்திருந்தால் ஆழத்தில் சமரசமே செய்யாதீர்கள். அந்த மருந்து உடலில் தங்கும். தோண்டித் தின்னும் பிராணிக்கும் பறவைக்கும் அது நஞ்சு. சிலர் கல்லுப்பை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். பின்னால் அங்கே ஒரு செடி வைக்க விரும்பினால் உப்பு மண்ணைக் கெடுத்துவிடும்.

சொந்த இடம் இல்லாதவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் என்ன செய்வது? தோப்போ கொல்லையோ உள்ள நண்பரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நான் பார்த்தவரை இதற்கு மறுத்தவர்கள் மிகக் குறைவு. அதுவும் அமையாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கேட்டு, எங்கே எப்படி அடக்கம் செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு ஒப்படையுங்கள்.

மருத்துவரிடம் போய் உட்காருங்கள்

இதுதான் மிக முக்கியமான படி. பலரும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். கோபத்தில் அந்த மருத்துவமனை வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று இருந்துவிடுகிறோம், அல்லது அழுதுவிடுவோம் என்று தயங்குகிறோம். நான் இருபதாம் நாள் போனேன். மூன்றாம் நாளே போயிருக்கலாம்.

போவதற்கு முன் ஒரு தாளில் நேரத்தோடு எழுதுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தது, எப்போது கண் விழித்தது, சிறுநீர் கழித்ததா, ஈறு வெளுத்திருந்ததா, வாந்தி எடுத்ததா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள். இதை எழுதும்போதே பாதி குழப்பம் தெளியும். காலையில் நாம் அறியாமல் பால் கொடுத்துவிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். மறைத்தால் கிடைக்கும் பதில் நமக்குப் பயன்படாது. கூட்டம் குறைந்த நேரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, நிதானமான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்ன இருந்தது? என்ன மயக்க மருந்து, எவ்வளவு? உள்ளே பார்த்தபோது எதிர்பார்த்தது போலத்தான் இருந்ததா? நடுவில் ஏதேனும் சிக்கல் வந்ததா? வீட்டுக்கு அனுப்பும்போது உடல் வெப்பமும் நாடியும் எப்படி இருந்தன? உங்கள் கணிப்பில் காரணம் என்ன? ஆபரேஷன் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

வரக்கூடிய பதில்களை முன்பே கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பேச்சு பிடிபடும். கருத்தடையிலோ கர்ப்பப்பை நீக்கத்திலோ ரத்தக் குழாயைக் கட்டிய முடிச்சு நழுவினால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஈறு வெளுத்து, மூச்சு வேகமாகி, சோர்ந்துபோகும். நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். அது ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். வெளிக்குத் துள்ளி விளையாடும் நாய்கூடக் கத்தி பட்டதும் ரத்தம் உறையாமல் தவிக்கும். கர்ப்பப்பைச் சீழ், கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்கு வருவது, பெரும்பாலும் பருவம் முடிந்து சில வாரங்களில். அதன் நச்சு ஏற்கெனவே ரத்தத்தில் கலந்திருந்தால் சீழை எடுத்த பிறகும் உடல் தாங்காமல் போகலாம். குடலில் தையல் போட்டிருந்தால் ஆபத்தான நாட்கள் மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை. நன்றாகத் தேறி வந்தது, திடீரென்று போய்விட்டது என்று சொல்கிற பல வீடுகளில் நடந்தது இதுதான். வயிறு முறுக்கிக்கொண்டு ஆபரேஷன் ஆன பெரிய நாய்களுக்கு அடுத்த ஓரிரு நாள் இதயத் தாளம் தடுமாறும். மயக்கத்தில் எடுத்த வாந்தி நுரையீரலுக்குள் போவதும் உண்டு. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு, மயக்கத்தின்போது மூச்சுக்காகத் தொண்டையில் செருகிய குழாயை எடுத்த பிறகு மூச்சுப் பாதை அடைக்கலாம். வெளியே தெரியாத இதய நோய் அன்றைக்கு முதன்முதலாக வெளிப்படலாம்.

அளவு தெரியவேண்டும் என்பதற்காக ஒரு கணக்கு. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை ஏறத்தாழ 98,000 நாய்களையும் 79,000 பூனைகளையும் வைத்து நடந்த ஆய்வில், மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம். ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம்தான், அதாவது இரண்டாயிரத்தில் ஒன்று. ஏற்கெனவே நோயுற்றிருந்த நாய்களில் அது 1.33 சதவீதம், எழுபத்தைந்தில் ஒன்று. இறந்த நாய்களில் ஏறத்தாழப் பாதி, ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தவை. அவற்றிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். நம் ஊர் வசதிகளுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கருவிகளும் ஆட்களும் இருந்த இடத்திலும் இது நடந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் விஷயத்தில் மருத்துவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். செல்லியின் வெள்ளையணு பல மடங்கு ஏறியிருந்தது, சிறுநீரகக் கணக்கும் கெட்டிருந்தது. ஆபரேஷன் இல்லாமல் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்கியிருக்க மாட்டாள் என்றார். கொஞ்சம் நிறுத்தி, “அன்று இரவு அவளை இங்கேயே வைத்திருந்திருக்க வேண்டும் அம்மா. இரவில் ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டேன், அது என் தவறு” என்றார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டது அவளைக் காப்பாற்ற இருந்த ஒரே வழிக்கு என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே ரத்தம் கசிந்ததா என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை. பரிசோதனை செய்திருந்தால் இருந்திருக்கும்.

உங்கள் குற்ற உணர்வையும் இப்படியே அளந்து பாருங்கள். ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்ட அன்று உங்கள் கையில் என்ன தகவல் இருந்தது? அதை வைத்துத்தான் முடிவெடுத்தீர்கள். மறுநாள் தெரிந்ததை வைத்து முந்தின நாளின் உங்களைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

பதில் திருப்தி தரவில்லை என்றால்

சிகிச்சைப் பதிவுகளின் நகல்களையும் வகைவாரியான ரசீதையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மருத்துவரின் தொழில்முறை நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் போக வேண்டும். கட்டணம் செலுத்திப் பெற்ற சேவையில் குறைபாடு என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அவசரமில்லை, ஆவணங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு ஒரு மாதம் கழித்துக்கூட முடிவெடுக்கலாம். முதல் வாரக் கொதிப்பில் மருத்துவமனையின் பெயரைப் போட்டு ஊரெல்லாம் பரப்பாதீர்கள். பின்னால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அது உங்களுக்கே முட்டுக்கட்டையாகும்.

வீட்டில் இருப்பவர்கள்

குழந்தைகளிடம் “தூங்குகிறது”, “ஊருக்குப் போயிருக்கிறது” என்று சொல்லாதீர்கள். தூங்குகிறது என்று கேட்ட பிள்ளை தானும் தூங்கப் பயப்படும். ஊருக்குப் போனது என்று கேட்ட பிள்ளை தினமும் வாசலைப் பார்க்கும். “இறந்துவிட்டது, இனி வராது. மருத்துவர் காப்பாற்றத்தான் பார்த்தார், முடியவில்லை” என்பது போதும். நாளை அந்தப் பிள்ளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். ஆபரேஷன் என்றாலே சாவு என்று மனதில் பதிந்துவிடக் கூடாது. செல்லிக்கு உடம்பு முன்பே மிகவும் கெட்டிருந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னோம்.

முதியவர்களைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டில் இது தனிக் கவலை. தெருவிலிருந்து தெரு வரை நீளும் வீடு, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், பூட்டிய அறைகளுக்கு நடுவே ஓர் ஆச்சியும் ஒரு நாயும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு ஆச்சி இருக்கிறார், எண்பதைக் கடந்தவர். மடியில் கட்டி என்று ஆபரேஷன் செய்த அவருடைய பொமரேனியன் மூன்றாம் நாள் இறந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு அது கதவைப் பிராண்டும், அதற்காகவே எழுந்து முகப்புக் கதவைத் திறப்பார். அது போன பிறகு ஏழு வரை கதவு திறக்கவில்லை. சமைப்பதையும் குறைத்துக்கொண்டார். ஆனால் தட்டில் இரண்டு இட்லியைத் தனியாகப் பிட்டுப் போட்டு, பால் ஊற்றி ஓரமாக வைப்பதை மூன்று வாரம் நிறுத்தவில்லை. நாங்கள் யாரும் அதை எடுத்துக் கேட்கவில்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, அந்த நாய் வீட்டில் என்னென்ன வேலை செய்தது என்பதை. அது எழுப்பியது, நடக்க வைத்தது, ஆள் வந்தால் குரைத்தது. மூன்றும் ஒரே நாளில் நின்றுவிட்டன. அதற்குத் தீனி வைக்கும் நேரத்தில் தினமும் போன் செய்யுங்கள். முதல் ஒரு மாதம் இரவில் முகப்பில் படுக்க நம்பிக்கையான ஆளை ஏற்பாடு செய்யுங்கள், பின்கட்டுத் தாழ்ப்பாள்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வேறு குட்டி அனுப்பி வைக்கிறேன் என்று முதல் வாரத்தில் சொல்ல வேண்டாம்.

வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால், அடக்கத்துக்கு முன் உடலை ஒரு முறை மோந்து பார்க்க விடுங்கள், தொற்று நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம். அது வாசலுக்கும் வளவுக்கும் நடந்து தேடும், சில நாள் சரியாகச் சாப்பிடாது. வழக்கமான நேரங்களை மாற்றாதீர்கள். பூனை ஒரு நாளுக்கு மேல் அறவே சாப்பிடாமலிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி பூனையின் கல்லீரலை விரைவில் பாதிக்கும்.

ஊர் வாய்

“ஒரு நாய்க்குப் போயா இப்படி?” என்று கேட்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பதில் சொல்லும் கடமையும் உங்களுக்கு இல்லை. ஆனால் உங்களுக்கே அந்தச் சந்தேகம் வந்தால், திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் நிற்கும் நடுகல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. தன் ஆள் இறந்த பிறகும் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரை, வீரனின் பெயரோடு சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்காக மனம் கலங்குவது நம் ஊருக்குப் புதிதில்லை.

ஏதாவது செய்தால் மனம் ஆறும் என்றால் செய்யுங்கள். நம் பக்கத்தில் சிலர் தேய்பிறை அஷ்டமியில் வைரவன்பட்டிக்குப் போய் வருகிறார்கள். நாயை வாகனமாகக் கொண்ட வைரவர் சந்நிதியில் நிற்கும்போது காரணம் சொல்லி அழ வேண்டியதில்லை. கோயிலில் நம்பிக்கை இல்லாதவர்கள் அதன் பெயரில் தெருநாய்களுக்கு ஒரு வேளைச் சோறு வைக்கலாம்.

நள்ளிரவில் கல்லின் மேல் நகம் படும் சத்தம் கேட்பதுபோல இருக்கும். எனக்கு இரண்டு மாதம் கேட்டது. அது பைத்தியம் இல்லை, ஒன்பது வருடம் கேட்டுப் பழகிய காது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் பிடிக்காமல், வேலை ஓடாமல், நானும் போய்விட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றினாலும் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மிச்சம் இருப்பவை

சோற்றுத் தட்டு, சங்கிலி, படுத்த சாக்கு இவற்றை எப்போது எடுத்து வைப்பது என்பதற்குக் கணக்கு கிடையாது. மருந்துகளை மட்டும் அன்றே அப்புறப்படுத்துங்கள். மிச்சமான வலி மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் இன்னொரு நாய்க்கோ பூனைக்கோ கொடுக்காதீர்கள். நாய்க்கு ஏற்ற அளவு பூனையைக் கொன்றுவிடும். மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு பிராணி வந்து, அதற்கும் ஆபரேஷன் என்று வந்தால் கை நடுங்கத்தான் செய்யும். அப்போது நான்கு விஷயம் கேளுங்கள். தட்டணு எண்ணிக்கையோடு ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா? மயக்கத்தில் இருக்கும்போது நாடியையும் மூச்சையும் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் இருக்கிறாரா? வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? முதல் இரவு அங்கேயே வைத்திருக்க முடியுமா?

செல்லி போய்ப் பதினான்கு மாதம் கழித்து ஒரு பெண் குட்டி வந்தாள். வயதான பின் சீழ் பிடிக்கும் பயமே வேண்டாம் என்று எட்டாம் மாதத்திலேயே கருத்தடைக்குக் கொண்டுபோனோம். அதே மருத்துவர்தான். இந்த முறை நான் கேட்பதற்கு முன்பே, இரவு தங்க உதவியாளர் இருக்கிறார் என்றார். இரவு எட்டு மணி வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.